ஹைஃபை காஸ்9 வாங்கும் முன் ஒரு பிசிஆர் போடுங்கள்

கேள்வி: "தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன் சார், பிஎச்டி முதல் வருடம். ஹெக்293டி என்ற ஆய்வக மனித செல்லில், எச்பிபி (பீட்டா குளோபின்) மரபணுவில் அரிவாள் செல் நோய்க்கான மாற்றத்தை, அதாவது ஏ என்ற ஒரு டிஎன்ஏ எழுத்தை டி ஆக்குவதை, செய்யப் பார்க்கிறேன். டிஎன்ஏ-வை வெட்டும் காஸ்9-ம் அதற்கு இடம் காட்டும் கைடு ஆர்என்ஏ-வும் பிளாஸ்மிட் என்ற வட்ட டிஎன்ஏ-வில், கூடவே பார்த்து எழுதும் மாதிரியாக ஒற்றை இழை டோனர். வெட்டு நன்றாக விழுகிறது, ஆனால் வேண்டிய மாற்றம் 2 சதவீதம்கூட இல்லை, மற்றதெல்லாம் இன்டெல், அதாவது எழுத்துகள் கூடியோ குறைந்தோ போனவை. பக்கத்தில் உள்ள எச்பிடி மரபணுவிலும் வெட்டு தெரிகிறது. வேண்டாத இடத்தில் குறைவாக வெட்டும் ஹைஃபை காஸ்9 வாங்கு, துல்லியம் வந்துவிடும் என்கிறார் சீனியர். பட்ஜெட்டில் ஏதாவது ஒன்றுதான் வாங்க முடியும். வாங்கலாமா?"

இப்போதைக்கு வேண்டாம். உங்களிடம் இருப்பது ரெண்டு தனித்தனிப் பிரச்சினை, ஹைஃபை அதில் ஒன்றைத்தான் தொடும். எங்கே வெட்டுகிறது என்பது ஒன்று, வெட்டிய பிறகு என்ன ஆகிறது என்பது இன்னொன்று. காஸ்9 வெட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும், ஒட்டுவது செல்லின் வேலை, செல்லுக்கோ உங்கள் டோனரைப் பற்றி ஒரு அக்கறையும் கிடையாது. முனைகளை அப்படியே இழுத்து ஒட்டும் வழி எந்நேரமும் திறந்திருக்கும், டோனரைப் பார்த்து எழுதும் வழி செல் பிரிவதற்கு முந்தைய எஸ், ஜி2 கட்டங்களில்தான் திறக்கும். எவ்வளவு நல்ல காஸ்9 வாங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது.

முதலில் எச்பிடி. இது உங்களுக்கு மட்டும் நடப்பதல்ல. எச்பிபி-யும் எச்பிடி-யும் ஒரே மூதாதை மரபணுவிலிருந்து வந்தவை, முதல் எக்ஸானில் வரிசை கிட்டத்தட்ட ஒன்றுதான், எச்பிபி-க்கு எழுதிய கைடுகள் எச்பிடி-யையும் வெட்டுவதை ஜார்ஜியா டெக் குழு 2013-லேயே காட்டிவிட்டது. இதில் வம்பு என்னவென்றால் ரெண்டும் 11-ஆம் குரோமோசோமில் சுமார் 7 ஆயிரம் எழுத்து இடைவெளியில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன. ஒரே சமயத்தில் ரெண்டு இடத்திலும் வெட்டு விழுந்தால் நடுவில் இருப்பது மொத்தமாகக் கழன்றுபோகலாம். அப்படிப் போன பிரதியில் உங்கள் பிரைமர் (பிசிஆர் நகலெடுப்பைத் தொடங்கும் சின்ன டிஎன்ஏ துண்டு) ஒட்டும் இடமே இருக்காது, அதனால் அது பிசிஆரில் வராது, சாங்கர் சீக்வென்சிங்கிலும் வராது. நீங்கள் பார்க்கும் சதவீதம் எல்லாம் தப்பிப் பிழைத்த பிரதிகளின் சதவீதம்தான்.

எனவே முதல் செலவு ஒரு ஜோடி பிரைமர். ஒன்று எச்பிடி வெட்டுக்கு முன்னால், மற்றது எச்பிபி வெட்டுக்குப் பின்னால். நீட்டிப்பு நேரத்தைக் குறைவாக வையுங்கள், முழு வரிசை இருந்தால் தூரம் அதிகம் என்பதால் பேண்ட் வராது, நடுப்பகுதி போயிருந்தால் மட்டும் சின்னதாக ஒரு பேண்ட் வரும். வந்தால் கைடை மாற்றுங்கள். எச்பிடி-யோடு வித்தியாசப்படும் எழுத்துகள் பேம் (காஸ்9 ஒட்டத் தேவையான குட்டி வரிசை) பக்கத்தில் விழும்படி, முடிந்தால் பேமே எச்பிடி-யில் இல்லாதபடி தேர்ந்தெடுங்கள். இதற்குக் காசு தேவையில்லை, கைடு தேர்ந்தெடுக்க உதவும் கிரிஸ்பார் தளத்தில் உட்கார்ந்து பார்த்தால் போதும். இன்னொன்று, 2 சதவீதம் என்கிறீர்களே, சாங்கரில் அது பின்னணி இரைச்சலின் அளவுதான். அடுத்த தலைமுறை சீக்வென்சிங்கில் பார்க்கும் வரை அந்த எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள், குறிப்பாக உங்கள் பிஎச்டி கமிட்டியிடம்.

சரி, மாற்றம் ஏன் உள்ளே போகவில்லை? டோனர் வழியிலேயே தொடர்வதென்றால் பார்க்க வேண்டியவை உண்டு. வெட்டு விழும் இடத்திலிருந்து அந்த ஏ 10 எழுத்துக்கு மேல் தள்ளி இருந்தால் வாய்ப்பு மளமளவெனக் குறையும். டோனரில் பேமை, புரதம் மாறாதபடி, கெடுத்து வைத்தீர்களா? இல்லையென்றால் சரியாக எழுதிய பிரதியையும் காஸ்9 திரும்ப வந்து வெட்டும், பிளாஸ்மிட் என்பதால் அது நாட்கணக்கில் செல்லுக்குள் இருக்கும். நோகோடசோல் போட்டு செல்களை ஒரே கட்டத்தில் நிறுத்தி, விடுவிக்கும்போது ஆர்என்பி (காஸ்9 புரதமும் கைடும் சேர்ந்தது) கொடுக்கும் முறையும் இருக்கிறது. சாயங்காலம் மருந்து போட்டுவிட்டு மெட்ரோ பிடித்து வீட்டுக்குப் போய், காலையில் வந்து மின்துடிப்பால் செல்லுக்குள் செலுத்தும் எலக்ட்ரோபொரேஷன் செய்யலாம்.

ஆனால் முனைகளை ஒட்டும் வழிக்குத் தேவையான டிஎன்ஏ-பிகே புரதத்தின் தடுப்பான் பக்கம் போகாதீர்கள். ஏஇசட்டி7648 என்ற தடுப்பானைப் போட்டால் டோனர் மாற்றம் எகிறுகிறது என்று பலர் குதித்தார்கள், 2024-ல் வந்த ஆய்வில் அதோடு பெரிய பெரிய துண்டுகள் காணாமல் போவதும், குரோமோசோமின் கையே உடைவதும் தெரிந்தது. சின்ன பிசிஆரில் எல்லாம் அழகாகத்தான் தெரிந்தது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் ரெண்டு இழையையும் வெட்டும் வேலையையே விட்டுவிடுவேன். ஒரு எழுத்தை மட்டும் வேதியியல் முறையில் மாற்றும் பேஸ் எடிட்டர் இங்கே ஆகாது, வழக்கமானவை சி-யை டி-யாக்கும், ஏ-யை ஜி-யாக்கும், உங்களுக்கு வேண்டிய ஏ-யிலிருந்து டி அதில் இல்லை. பிரைம் எடிட்டிங்தான் வழி. 2019-ல் டேவிட் லியூ குழு அந்த முறையை வெளியிட்டபோதே, இதே மாற்றத்தை இதே ஹெக்293டி செல்லில் செய்து காட்டிவிட்டார்கள், இன்டெல் மிகக் குறைவு. ஒரு இழையை மட்டும் கீறி, கைடின் வாலில் இருக்கும் வரிசையைப் பார்த்து அந்த இடத்திலேயே எழுதிவிடும், டோனர் தேவையில்லை. எச்பிடி-யில் ஒட்டினாலும் எழுதி முடிக்க இன்னும் சில இடங்களில் வரிசை பொருந்த வேண்டும், அதனால் அங்கே சேதமும் குறைவு. பிளாஸ்மிட் அட்ஜீன் என்ற பிளாஸ்மிட் வங்கியில் கிடைக்கும், பிரைம் எடிட்டரின் மேம்பட்ட வடிவமான பிஇமேக்ஸ் கேளுங்கள், உங்கள் ஒரு பொருள் அதுதான். கைடின் வாலில் உள்ள பிரைமர் ஒட்டும் பகுதியை 10 முதல் 15 எழுத்து வரை சில நீளங்களில் செய்து பாருங்கள், எது வேலை செய்யும் என்று முன்கூட்டி அடித்துச் சொல்ல முடியாது. மற்ற இழையில் போடும் ரெண்டாவது கீறல் இல்லாமல் தொடங்குங்கள், சேர்த்தால் மாற்றம் ஏறும், இன்டெலும் கொஞ்சம் ஏறும்.

ஹெக்293டி-யில் வரும் எண்ணைப் பார்த்து மயங்கிவிடவும் வேண்டாம். இந்த செல்லில் பொருந்தாத எழுத்தைச் சரிசெய்யும் எம்எல்எச்1 புரதம் ஏற்கனவே படுத்துவிட்டது, டிஎன்ஏ சேதத்தைக் கண்டால் செல்லை நிறுத்தும் பி53-ம் வேலை செய்வதில்லை, அதனால்தான் எதைச் செய்தாலும் பொறுத்துக்கொள்கிறது. வேறு செல்லுக்குப் போனால் பிரைம் எடிட்டிங் எண் விழும், அப்போது எம்எல்எச்1-ஐ அடக்கும் பிளாஸ்மிடைக் கூடவே கொடுக்க வேண்டியிருக்கும்.

உங்கள் சீனியர் சொன்னதும் முழுக்கத் தப்பில்லை. நாளை ரத்த ஸ்டெம் செல்லில் காஸ்9 வைத்து வெட்டும் நிலை வந்தால் ஹைஃபைதான் வாங்க வேண்டும், 2018-ல் எச்பிபி-யிலேயே அது வேண்டாத வெட்டைப் பெரிதும் குறைத்து, வேண்டிய வெட்டைக் காப்பாற்றியது. அப்போது ஆர்என்பி-க்குப் புரதமாகவே வாங்குங்கள், காலை டெலிவரி கேளுங்கள், எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மத்தியானம் மாட்டிக்கொண்ட ஐஸ் பெட்டியைத் திறந்து பார்க்கும் அனுபவம் உங்களுக்கு வேண்டாம்.