சோலாரிஸ்: லெம் ஏன் கோபித்துக்கொண்டார்?

அன்புள்ள ஐயா,

ரஷ்ய இயக்குநர் தார்க்கோவ்ஸ்கியின் ‘சோலாரிஸ்’ படத்தைப் பார்த்துவிட்டுத்தான் அதற்கு மூலமான, போலந்து எழுத்தாளர் ஸ்டானிஸ்லாவ் லெம்மின் நாவலை எடுத்தேன். நடுவில் ஆய்வு நூல்களைப் பற்றியே பக்கம் பக்கமாக வருகிறது. பலவற்றைத் தள்ளிவிட்டுத்தான் படிக்க முடிந்தது. படம் அந்தச் சுமையை இறக்கி வைத்துவிட்டு மனிதக் கதையை மட்டும் எடுத்துக்கொண்டது நல்லது என்றே பட்டது. ஆனால் லெம்முக்குப் படம் பிடிக்கவில்லையாமே? எழுத்தாளரின் வீண் பிடிவாதம்தானே இது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் தள்ளிவிட்டுப் போன பக்கங்களில்தான் அந்த நாவலின் உயிர் இருக்கிறது. அதனால் லெம்மின் கோபத்தை என்னால் பிடிவாதம் என்று சொல்ல முடியவில்லை.

1961இல் வந்த நாவல். ஒரு கோளையே மூடிக் கிடக்கிறது ஒரு கடல். அதற்கு உயிர் உண்டு, ஒருவேளை அது சிந்திக்கவும் கூடும். தலைமுறை தலைமுறையாக அறிஞர்கள் அதை ஆராய்கிறார்கள். அந்தக் கோளின் விண்வெளி நிலையத்து நூலகத்தில் நாயகன் கெல்வின் புரட்டும் புத்தகங்களை நினைத்துப் பாருங்கள். முதலில் கோட்பாடுகள், பிறகு அவற்றை மறுக்கும் கோட்பாடுகள், கடைசியில் வெறும் வகைப்பாடு. கடல் எழுப்பும் மாபெரும் வடிவங்களுக்கு மிமாய்டு, சிம்மெட்ரியாட் என்று பெயர் வைக்கிறார்கள், அளக்கிறார்கள், அவற்றுக்குள் போய்ச் சாகவும் செய்கிறார்கள். ஒரு துறையே பிறந்து வளர்ந்து கிழடுதட்டிவிட்டது, ஒன்றும் பிடிபடவில்லை. அந்தக் களைப்பு வாசகனுக்கும் வரவேண்டும். வந்தால்தான் ஹாரி யார் என்ற கேள்வி முழு கனத்தோடு இறங்கும். என்றோ தற்கொலை செய்துகொண்ட மனைவி ஹாரியை, கெல்வினின் நினைவிலிருந்து எடுத்துக் கடல் அனுப்பி வைக்கிறது. பரிசா, தண்டனையா, சோதனையா? கடைசிவரை தெரிவதில்லை. அவள்மேல் அவன் கொள்ளும் காதல் சத்தியமானது. அந்தக் காதலைக் கொண்டும் கடலை அவனால் ஓரடிகூட நெருங்க முடிவதில்லை.

1972இல் வந்த படம் எனக்கும் மிகப் பிரியமானது. நூலகத்தில் முப்பது விநாடி எடையற்றுப்போய் கெல்வினும் ஹாரியும் மிதக்கும்போது, சுவரில் புருகலின் பனிக்கால ஓவியமும் பின்னால் பாக்கின் இசையும் சேருகிற இடம் சினிமாவில் அபூர்வம். ஆனால் படம் எங்கே தொடங்குகிறது? பூமியில், தந்தையின் வீட்டில், குளத்துநீரில் அலையும் பாசியில். விண்வெளி நிலையத்துக்குப் போய்ச்சேரவே வெகுநேரம் ஆகிறது. நாவலோ கெல்வின் நிலையத்தில் இறங்குவதில்தான் ஆரம்பிக்கிறது. வீட்டை முதலில் காட்டிவிட்டதால் அதற்குப் பின் வருவதெல்லாம் வீட்டைப் பிரிந்த ஏக்கமாகவும், கடல் மனச்சாட்சியின் நீதிமன்றமாகவும் ஆகிவிடுகின்றன. லெம் மாஸ்கோவுக்கே போய் இதற்காகச் சண்டை போட்டார். தார்க்கோவ்ஸ்கி எடுத்தது சோலாரிஸை அல்ல, தாஸ்தயெவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ கதையைத்தான் என்பது அவருடைய மனக்குறை.

நமக்கு வேறு உலகங்கள் தேவையில்லை, நம்மைக் காட்டும் கண்ணாடிதான் தேவை என்று நிலையத்து விஞ்ஞானி ஸ்நாட் பேசுவது நாவலிலும் உண்டு, படத்திலும் உண்டு. நாவலில் அது மனித இனத்தின்மீது வைக்கும் குற்றச்சாட்டு. படத்தில் அதோடு ‘மனிதனுக்கு மனிதன்தான் தேவை’ என்பதும் சேர்ந்துகொள்கிறது. வசனம் அப்படியே இருக்க, குற்றச்சாட்டு ஆறுதலாக மாறிவிட்டது. பக்கங்களை வெட்டியதைவிட இதுதான் பெரிய இழப்பு என்பேன்.

முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாவலில் கெல்வின் ஒரு பழைய மிமாய்டின்மேல் இறங்கிக் கையை நீட்டுகிறான். அலை வந்து கையைச் சூழ்ந்துகொள்கிறது, ஆனால் தொடுவதில்லை, நடுவில் மெல்லிய காற்றுப்படலம். திரும்பத் திரும்ப நீட்டினால் அலைக்கு ஆர்வமே போய்விடுகிறது. படத்தில் அவன் தந்தையின் முன் மண்டியிடுகிறான், தந்தை தோளில் கைவைக்கிறார். கேமரா மேலெழும்பும்போதுதான் அந்த வீடு கடல்நடுவே ஒரு தீவு என்று தெரிகிறது. அவன் ஏங்கியதைக் கடல் புரிந்துகொண்டு கொடுத்துவிட்டது என்றே பார்ப்பவர் மனம் எடுத்துக்கொள்ளும். நாவல் முழுமூச்சாக மறுப்பது இதைத்தான்.

இதே நாவலை வைத்து 2002இல் அமெரிக்க இயக்குநர் சோடர்பெர்க் எடுத்த படத்தில் அநேகமாகக் காதல் மட்டுமே மிஞ்சியது. புத்தகத்துக்குத் தான் ‘விண்வெளியில் காதல்’ என்று தலைப்பு வைக்கவில்லை என்றார் லெம்.

நாவலை இன்னொரு முறை படியுங்கள். ஆங்கிலத்தில் படிப்பதானால் 2011இல் வந்த பில் ஜான்ஸ்டனின் மொழிபெயர்ப்பைத் தேடுங்கள். அது போலிஷிலிருந்து நேரடியாகச் செய்தது, பழையது பிரெஞ்சு வழியாக வந்தது. இம்முறை அந்த நூலகப் பக்கங்களைத் தாண்டிப் போகாதீர்கள். படித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

அன்புடன்