சொரியாசிஸுக்குப் புதிய ஊசி போட்டுக்கொள்ளலாமா?

கேள்வி: எனக்கு வயது 39. பத்து ஆண்டுகளாகச் சொரியாசிஸ் இருக்கிறது. வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் மாத்திரை சாப்பிட்டும் படை அடங்காததால், செக்யூகினுமாப் என்ற ஊசியைப் போட்டுக்கொள்ளும்படி தோல் மருத்துவர் சொல்கிறார். அது எதிர்ப்புச் சக்தியை அழித்துக் காசநோயையும் புற்றுநோயையும் கொண்டுவரும் என்று யூடியூபில் பார்த்ததிலிருந்து தூக்கமே இல்லை. பூக்கட்டிப் பிழைக்கிறேன், காலையில் விரல் மடங்காததால் மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டுதான் உட்காருகிறேன். கத்தரிக்காய், கருவாடு சாப்பிடலாமா? என் மகளுக்கும் வருமா?
வாசகி, திருமங்கலம்

பதில்: கடிதம் முழுவதும் ஊசியைப் பற்றியே இருக்கிறது, விரலைப் பற்றி ஒரே ஒரு வரி. அந்த வரிதான் என்னைக் கவலைப்படுத்துகிறது.

விடியற்காலையில் எழுந்து மல்லிகை கட்டுகிறவருக்கு விரல் வலிப்பது இயல்புதானே என்று நீங்களும் வீட்டாரும் எண்ணியிருப்பீர்கள். வேலையால் வரும் வலி வேலை செய்யச் செய்யக் கூடும், ஓய்வெடுத்தால் குறையும். உங்களுக்கோ இரவெல்லாம் ஓய்ந்திருந்த விரல்தான் காலையில் மடங்க மறுக்கிறது. அந்த இறுக்கம் அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்து, நாரும் பூவுமாகக் கை ஓட ஓடத் தளர்கிறது என்றால், சொரியாசிஸ் மூட்டுக்குள்ளும் இறங்கியிருக்கலாம். இரண்டு கைகளையும் வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். ஏதேனும் ஒரு விரல் கணுக்களின் மடிப்பே தெரியாதபடி அடியிலிருந்து நுனிவரை ஒரே சீராகப் பருத்திருக்கிறதா, நேற்றுவரை கழன்ற மோதிரம் இன்று கழல மறுக்கிறதா, நகங்களில் ஊசி முனையால் குத்தியதுபோல் சிறுசிறு குழிகள் உள்ளனவா, படுக்கையை விட்டு இறங்கி வைக்கும் முதல் அடியில் குதிகால் குத்துகிறதா என்று கவனியுங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் ஒரு வாரத்துக்குள் மூட்டு வாதநோய் மருத்துவரைப் பாருங்கள். தோலில் வரும் படை எத்தனை முறை வந்தாலும் தழும்பில்லாமல் மறையக்கூடியது. அரித்துப்போன மூட்டு பழைய நிலைக்குத் திரும்பாது. ஆறு மாதத் தாமதம்கூட அந்த அரிப்புக்கு இடம் கொடுத்துவிடும். வாத நோய்க்கான ரத்தப் பரிசோதனை இயல்பாக வந்தது என்று யாராவது ஆறுதல் சொன்னால், சொரியாசிஸ் மூட்டு வாதத்தில் அது பெரும்பாலும் இயல்பாகத்தான் இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

வலி மாத்திரையைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அது வீக்கத்தை மறைத்து, நோய் உள்ளே நடப்பதற்குத் திரை பிடிக்கிறது. மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறவர் அதை நாள்தோறும் தாமாக வாங்கிப் போடுவதால் வயிறும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். மெத்தோட்ரெக்சேட்டின் நச்சுத்தன்மையும் கூடலாம். நன்கு சோதிக்கப்பட்ட, மருத்துவர் எழுதிக் கொடுத்த ஊசிக்குத் தூக்கத்தைத் தொலைத்துவிட்டு, பெயர்கூடச் சொல்லத் தெரியாத மாத்திரையைத் தினமும் விழுங்குகிறீர்கள்.

இனி ஊசி. அது எதிர்ப்புச் சக்தி முழுவதையும் அணைத்துவிடுவதில்லை. படைக்கும் மூட்டு வீக்கத்துக்கும் காரணமான இன்டர்லூக்கின் 17ஏ என்ற ஒரே ஒரு தூதுப் புரதத்தைத் தடுக்கிறது. அமெரிக்காவில் 2015 முதல் சொரியாசிஸுக்குப் பயன்பாட்டில் இருக்கிறது. சொரியாசிஸ் மூட்டு வாதத்துக்கும் அதே மருந்து பலன் தருவதால், உங்கள் விரலைப் பற்றித் தோல் மருத்துவருக்குத் தெரிந்தால் தம் ஆலோசனையை இன்னும் உறுதியாகச் சொல்வார். முதலில் வாரம் ஒன்றாக ஐந்து முறை, பிறகு மாதம் ஒருமுறை, தோலுக்கு அடியில் போடுவது வழக்கம். புற்றுநோயைக் கூட்டுகிறது என்பதற்கு இதுவரை தெளிவான சான்று இல்லை. காசநோய் பயத்தில் மட்டும் ஓர் உண்மை உண்டு: நம் ஊரில் பலருடைய உடலில் காசநோய்க் கிருமி உறங்கிக் கிடக்கிறது. அதை எழுப்பும் ஆபத்து, டிஎன்எஃப் என்ற வேறொரு புரதத்தைத் தடுக்கும் ஊசிகளில்தான் அதிகம். ஆயினும் உங்களுக்குச் சொல்லப்பட்ட ஊசிக்கு முன்பும் மார்பு எக்ஸ்ரேயும், மாண்டூ என்ற தோல் பரிசோதனை அல்லது இக்ரா என்ற ரத்தப் பரிசோதனையும் செய்யாமல் தொடங்கக் கூடாது. கிருமி தென்பட்டால் அதற்கான தடுப்பு மாத்திரைகளைத் தொடங்கிவிட்டு, வழக்கமாக ஒரு மாதம் கழித்து ஊசியை ஆரம்பிப்பார்கள். நாள்பட்ட வயிற்றுப்போக்கோ மலத்தில் ரத்தமோ இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்; குடல் அழற்சி நோய் உள்ளவர்களுக்கு இந்த ஊசி ஏற்றதன்று. தொடங்கிய பின் வாயில் வெண்படலம் வந்தால் பூஞ்சைக்கு மருந்து உண்டு, பதற வேண்டாம்.

கத்தரிக்காயும் கருவாடும் சாப்பிடுங்கள். எப்போதோ ஒருமுறை சாப்பிட்டபோது அரிப்பு கூடியிருந்தாலும், அதற்காக வாழ்நாள் பத்தியம் தேவையில்லை. மகளுக்கு வரும் வாய்ப்பு மற்றக் குழந்தைகளைவிட அதிகம், ஆனால் பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை. நீங்கள் கேட்கத் தயங்கியிருக்கக்கூடிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: இது தொற்றும் நோயன்று, நீங்கள் கட்டிய சரத்தை யாரும் தாராளமாகத் தலையில் வைத்துக்கொள்ளலாம்.

ஊசியின் விலை தடையாக இருந்தால், மதுரைப் பெரியாஸ்பத்திரியின் தோல் நோய்ப் பிரிவில் முதலில் காட்டிக் கேளுங்கள். மருத்துவரைப் பார்க்கப் போகும் நாளன்று காலையில் மட்டும் வலி மாத்திரை போடாமல், விரல் இறுகியிருக்கும்போதே கிளம்புங்கள். நகப்பூச்சு இருந்தால் அழித்துவிடுங்கள், மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.