கிட்னியைக் காப்பது கேப்சூல் இல்லை

அம்மாவுக்கு சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து இரண்டு சுற்று முடிந்திருக்கிறது, கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவான கிரியாட்டினின் 0.8-லிருந்து 0.9 ஆகியிருக்கிறது, அதனால் மஞ்சளிலிருந்து எடுக்கும் குர்குமினும், இன்னொரு மூலிகைச் சத்தான சிலிமரினும் கேப்சூலாக வாங்கிக் கொடுக்கலாமா என்கிறீர்கள். டயாலிசிஸ் வரை போய்விடுமோ என்ற பயம்தான் உங்களை இப்படித் தேட வைத்திருக்கிறது. 0.1 வித்தியாசத்தை ஏற்றம் என்றே நாங்கள் சொல்வதில்லை. விடுங்கள்.

கேப்சூலுக்கு வருவோம். சிஸ்பிளாட்டின் சிறுநீரக நுண்குழாய் செல்களுக்குள் சேர்ந்து அவற்றைச் சிதைக்கும், குர்குமின், குவெர்செடின் போன்ற தாவரப் பொருட்கள் அந்தச் சிதைவைக் குறைப்பதாக எலிகளில் பார்த்திருக்கிறார்கள், அதுவரை உண்மை. ஆனால் அந்த ஆய்வுகள் பலவற்றில் எலிக்குப் புற்றுநோயே கிடையாது. கிட்னி செல்லைக் காப்பாற்றும் பொருள் புற்றுநோய்க் கட்டியையும் சேர்த்துக் காப்பாற்றிவிடுமா என்பதுதான் உங்கள் அம்மாவுக்கு முக்கியமான கேள்வி, அதை அந்த எலி எப்படிச் சொல்லும்? இணையத்தில் நாலு வரி படித்துவிட்டு கீமோ நடக்கும்போது கேப்சூல் ஆரம்பிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. சமையலில் போடும் மஞ்சளால் ஒன்றும் ஆகாது, அது வேறு.

கிட்னியை உண்மையில் காப்பது கீமோவுக்கு முன்னும் பின்னும் ஏற்றும் சலைன், தேவைப்பட்டால் மெக்னீசியம், அப்புறம் வீட்டில் குடிக்கிற தண்ணீர்.

கிட்னிக்காக நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இதுதான். கீமோ முடிந்து வீட்டுக்கு வந்த அடுத்த சில நாட்களில் வாந்தி நிற்காமல், குடிக்கிற தண்ணீரும் வெளியே வந்து, சிறுநீர் வழக்கத்தைவிடக் குறைந்தாலோ, எழுந்து நிற்கும்போது தலை சுற்றினாலோ, அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள், ராத்திரியானாலும் சரி. விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், உடலில் நீர் வற்றிய நேரத்தில்தான் இந்த மருந்து கிட்னியை மோசமாக அடிக்கும். அதே சமயம், சிறுநீர் நன்றாகப் போகிறதே என்று ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப் போடவும் கூடாது. சிஸ்பிளாட்டின் பாதிப்பில் பல நேரம் சிறுநீர் அளவு குறையாமலே கிரியாட்டினின் ஏறும்.

உடம்பு வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் எதுவும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். கேப்சூல் ஏற்கெனவே ஆரம்பித்திருந்தால் நிறுத்திவிட்டு, அடுத்த சுற்றுக்கு முன் டப்பாவைப் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டுங்கள், திட்டுவார் என்று மறைக்க வேண்டாம்.