கோயிலுக்குக் கூட்டிட்டு வா, வீட்டுக்கு வேண்டாம்

கேள்வி: நான் தூத்துக்குடிப் பக்கம் ஒரு கிராமத்துச் சபையைச் சேர்ந்தவள். திருநெல்வேலியில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். என் கூட வேலை செய்யும் தோழி இந்து, பட்டியல் சாதியைச் சேர்ந்தவள். நான் டியூட்டிக்கு முன் ஜெபிப்பதைப் பார்த்துவிட்டு, “உங்க கோயிலுக்கு நானும் ஒரு நாள் வரட்டுமா?” என்று கேட்டாள். அம்மாவிடம் சொன்னேன். “அசனத்துக்கு (சபையில் எல்லாருக்கும் போடும் பொது விருந்து) கூட்டிட்டு வா, அன்னைக்கு எல்லாரும்தான் வருவாங்க. வீட்டுக்கு வேண்டாம், பக்கத்துல என்ன பேசுவாங்க” என்கிறார். வாலிபர் ஐக்கியத்து அண்ணன் ஒருவரோ, “வந்தா விட்டுராத, சுவிசேஷக் கைப்பிரதி கொடு, சாட்சி சொல்லு, ஞானஸ்நானம் வரைக்கும் கொண்டு போகணும்” என்கிறார். எனக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை. என்ன செய்யட்டும்?
- பெயர் போட வேண்டாம் என்று எழுதிய வாசகி

பதில்: அம்மா சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், சகோதரி. அது அண்ணன் சொன்னதைவிடப் பழைய பிரச்சினை.

வேதாகமத்தில் அப்போஸ்தலர் 10-ஆம் அதிகாரத்தில் வரும் கொர்நேலியு கதையை சண்டே ஸ்கூலிலேயே படித்திருப்பீர்கள். யோப்பாவில் தோல் பதனிடுகிற சீமோன் வீட்டு மாடியில் பேதுரு தரிசனம் காண்கிறார். யூதர்கள் புறஜாதியாரோடு, அதாவது யூதரல்லாதவர்களோடு, கலந்து சாப்பிடாத காலம் அது. செசரியாவுக்குப் போய் கொர்நேலியு என்ற ரோம நூற்றுக்கு அதிபதியின் வீட்டுக்குள் நுழைகிறார், பேசுகிறார், அந்த வீட்டாருக்கு ஞானஸ்நானம் கிடைக்கிறது. பிரசங்கங்கள் பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும். அடுத்த அதிகாரத்தையும் படித்துப் பாருங்கள். பேதுரு எருசலேமுக்குத் திரும்பியதும் அங்கிருந்த விசுவாசிகள் அவரோடு வாக்குவாதம் பண்ணுகிறார்கள். ஏன் ஞானஸ்நானம் கொடுத்தாய் என்று கேட்கவில்லை. அவர்கள் வீட்டுக்குப் போய் அவர்களோடு சாப்பிட்டாயே என்பதுதான் புகார். உங்கள் அம்மாவின் கவலையும் அதேதான்.

அதற்கு அருமையாகப் பதில் சொன்ன பேதுருவே பின்னால் அந்தியோகியாவில் சறுக்கினார். புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் மெல்ல எழுந்து ஒதுங்கிக்கொண்டார். பவுல் முகத்துக்கு நேரே எதிர்த்தார் என்று கலாத்தியர் 2-ஆம் அதிகாரம் சொல்கிறது. பேதுருவுக்கு உபதேசம் தெரியாமல் இல்லை. ஆட்கள் என்ன சொல்வார்களோ என்ற பயம்தான். ஆகவே அம்மாவைக் கடிந்துகொள்ளாதீர்கள். ஆனால் அவர் சொன்னது சரி என்றும் விட்டுவிடாதீர்கள்.

நம் பக்கத்துச் சரித்திரமும் இதில் பெருமைப்படும்படி இல்லை. வடக்கன்குளத்தில் கத்தோலிக்க ஆலயம் ஒன்றைக் கட்டியபோது, பீடம் ஒன்று, அதை நோக்கி மக்கள் உட்காரும் பகுதி இரண்டு என்று கட்டினார்கள். வேளாளருக்கு ஒரு பக்கம், நாடார் முதலானவர்களுக்கு இன்னொரு பக்கம், நடுவில் தடுப்பு. 1910-இல் அது இடிக்கப்பட்டது. தங்கள் தனி இடம் போய்விட்டது என்று வேளாளக் கிறிஸ்தவர்கள் வழக்குப் போட்டார்கள், சென்னை உயர் நீதிமன்றம் அந்த உரிமையை ஏற்கவில்லை. சபையே சொல்லி முடிக்க வேண்டிய காரியத்தைக் கோர்ட்டு சொல்ல வேண்டி வந்தது என்பது எனக்கு இன்றைக்கும் வெட்கம்தான்.

புராட்டஸ்டண்டுகள் நாம் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டை அடியோடு விட வேண்டும் என்று கடிதம் அனுப்பினார். எதிர்த்தவர்களில் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும் ஒருவர். அவர் கீர்த்தனைகளை இன்றும் பாடுகிறோம், பாடவும் வேண்டும். அவ்வளவு பக்தியுள்ளவருக்கே இது எவ்வளவு கடினமாக இருந்தது என்பதையும் தெரிந்துகொண்டு பாடலாம்.

அசனம் நல்ல வழக்கம். ஊரே சேர்ந்து சமைத்து, வருகிற யாருக்கும் இலை போடுகிறோம். பண்டிகைக்குப் பக்கத்து வீடுகளுக்குப் பலகாரத் தட்டு அனுப்புகிறோமே, அதுவும் நல்லதுதான். ஆனால் அசனப் பந்தியில் ஆயிரம் பேரில் ஒருவராக உங்கள் தோழி உட்காருவது வேறு, உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்காருவது வேறு. அம்மாவுக்கு அந்த வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது, அதனால்தான் ஒன்றுக்குச் சரி என்றார், மற்றதுக்கு வேண்டாம் என்றார்.

இனி அண்ணன். அவருடைய ஆர்வத்தை நான் குறை சொல்ல மாட்டேன். விசுவாசத்தை வாயைத் திறந்து சொல்லவே கூடாது என்ற கட்சியும் நான் இல்லை. தோர்ணக்கல் பேராயர் அசரியா உங்கள் பக்கத்து வெள்ளாளன்விளையில் பிறந்தவர், 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானவர். தெலுங்குக் கிராமங்களில் புதிதாக ஞானஸ்நானம் பெறுகிறவர்களைத் தலையில் கைவைத்து, சுவிசேஷத்தை அறிவிக்காவிட்டால் எனக்கு ஐயோ என்று சொல்ல வைப்பாராம். அவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா என்ற பட்டியல் சாதி மக்கள், எழுத்துக்கூடத் தெரியாதவர்கள். அவர்கள் கையில் கைப்பிரதி எங்கே இருந்தது? குடியை விட்டதையும், வீட்டையும் தெருவையும் சுத்தமாக வைத்துக்கொண்டதையும் ஊர் பார்த்தது. பார்த்தவர்கள் வந்து கேட்டார்கள், மேல்சாதிக்காரர்களும்கூட.

உங்கள் தோழியும் பார்த்துவிட்டுத்தான் கேட்டிருக்கிறார். கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்லுங்கள் என்கிறார் பேதுரு, தமது முதல் நிருபத்தில். எதற்காக ஜெபிக்கிறீர்கள் என்று தோழி கேட்டால் சொல்லுங்கள், மழுப்ப வேண்டாம். கேட்காததைத் திணிக்கவும் வேண்டாம். ஞானஸ்நானம் வரைக்கும் “கொண்டு போவது” உங்கள் வேலையும் இல்லை, அண்ணனுடைய வேலையும் இல்லை. அவரிடம், “அவ என் ஃபிரண்டு அண்ணே, நான் பாத்துக்கிறேன்” என்று சொல்லிவிடுங்கள், போதும்.

அசனம் வரை காத்திருக்காமல் ஒரு சாதாரண ஞாயிறு ஆராதனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அன்று திருவிருந்து (அப்பமும் திராட்சரசமும் கொடுக்கும் சடங்கு) இருந்தால், யார் முன்னால் போவார்கள், யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று முதல்நாளே சொல்லிவிடுங்கள். எல்லாரும் எழுந்து போகும்போது தான் மட்டும் ஏன் என்று அவர் முழிக்கக் கூடாது. காணிக்கைப் பை வந்தால் போட வேண்டிய கட்டாயம் இல்லை என்பதையும் சொல்லுங்கள். கடைசி பெஞ்சில் உட்கார வைக்காதீர்கள். நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில், உங்கள் பக்கத்தில், ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பகிர்ந்துகொண்டு உட்காருங்கள். ஆராதனை முடிந்ததும் யாராவது அக்கா வந்து, “எந்த ஊரு, யாரு வீட்டுப் பிள்ளை?” என்று தொடங்குவார். அந்தக் கேள்வி எங்கே போகும் என்று உங்களுக்கும் தெரியும், உங்கள் தோழிக்கும் தெரியும். “என் கூட வேலை பாக்கிறவ” என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.

அன்று மத்தியானச் சாப்பாடு உங்கள் வீட்டில் இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். அதற்கு அம்மாவிடம் இப்போதே பேசுங்கள், சனிக்கிழமை ராத்திரி போய் நிற்காதீர்கள். வசனம் எடுத்து விவாதிக்க வேண்டாம், உங்களைவிட அம்மாவுக்கு அதிக வசனம் மனப்பாடமாக இருக்கும். “நைட் டியூட்டியில எனக்கு முடியாம போனப்ப அவதான் பாத்துக்கிட்டா” என்பது போல உண்மையாக நடந்த ஒன்றைச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டார் என்ன சொன்னாலும் பதில் சொல்ல நான் இருக்கிறேன் என்றும் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் ஒத்துக்கொள்ளாவிட்டால், தோழியோடு வெளியே ஹோட்டலில் சாப்பிடுங்கள். ஏன் வீட்டுக்கு வரவில்லை என்று அம்மா கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். தோழி கேட்டால் அவரிடமும் அப்படியே. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அந்தச் சாக்கை அவர் இதற்கு முன்னால் வேறு வீடுகளிலும் கேட்டிருப்பார்.