சிலிண்டர் போர் பண்ணிய பிறகு வண்டி ஏன் கத்துகிறது?

கேள்வி: அண்ணாச்சி, மண் பாதையில் ஓட்டவென்றே பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் ஒன்று வைத்திருக்கிறேன். சிலிண்டரைப் போர் பண்ணி (உள்பக்கத்தைக் கடைந்து) புது பிஸ்டன் போட்டாச்சு. காலையில் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகிறது, சூடானதும் ஆக்சிலேட்டரை விட்டாலும் ரேஸ் இறங்காமல் கத்துகிறது. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவியும் பலனில்லை.
– ஒரு வாசகர், கல்லிடைக்குறிச்சி

பதில்: கார்புரேட்டரை விடுங்கள் தம்பி. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், பழுப்பாக இல்லாமல் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் இஞ்சின் எங்கேயோ வெளிக்காற்றை இழுக்கிறது. வண்டி ஓடும்போதே கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவிலுள்ள இணைப்பிலும் சிலிண்டர் அடி பேக்கிங்கிலும் சோப்புத் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். சத்தம் மாறினால் ஆள் அகப்பட்டான், காற்று நுழைவது அங்கேதான். (சிலர் பெட்ரோல் தெளித்துப் பார்ப்பார்கள், சூடான சைலன்சர் பக்கத்தில் அந்த விளையாட்டு வேண்டாம்.) மாறவில்லையா, அப்புறம் கிராங்க் ஆயில் சீல்தான், அதாவது கிராங்க் தண்டின் இரு பக்கமும் காற்றும் எண்ணெயும் புகாமல் அடைக்கிற ரப்பர் வளையம். கிளட்ச் பக்கத்து சீல் போனால் கியர் ஆயிலைக் குடித்து வெள்ளைப்புகை தள்ளும், மேக்னெட் (வண்டிக்கு மின்சாரம் தரும் காந்தச் சக்கரம்) பக்கத்து சீல் போனால்தான் இப்படிக் காற்றை இழுக்கும், மேக்னெட்டைக் கழற்றினால் உள்ளே எண்ணெய்க் கறை தெரியும். போர் பண்ண மேல் பாதியை மட்டும் பிரிப்பதால் பழைய சீலை அப்படியே விட்டுவிடுகிற பட்டறைகள் நிறைய. சரி, அதை மாற்றும்வரை பாபநாசம் மலை ஏற்றத்துக்கு மட்டும் வண்டியை எடுக்காதீர்கள், வெளிக்காற்று கலந்து இஞ்சின் அதிகம் சூடாகி புது பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும்.