டீலரிடம் பழைய கார் வாங்கி இரண்டு மாதமாகியும் ஆர்.சி. என் பெயருக்கு மாறவில்லை. என்ன செய்வது?

பெரும்பாலும் சிக்கல் பழைய உரிமையாளரின் கார் கடனில்தான் இருக்கும். அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனில் வண்டி எண்ணைப் போட்டு, அடமானம் இன்னும் காட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். காட்டினால், வங்கியின் தடையில்லாச் சான்றும் அடமானத்தை நீக்கும் படிவம் 35-ம் வராமல் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வேலை நகராது. அதுவரை டீலர் சொல்லும் ‘அடுத்த வாரம்’ வெறும் சால்ஜாப்புதான்.

அடமானம் இல்லையா? சரி, பழைய உரிமையாளர் கையெழுத்திட்ட பெயர் மாற்றப் படிவங்கள் 29, 30-ஐக் கேட்டு வாங்கி நீங்களே விண்ணப்பியுங்கள். வாங்குபவருக்குச் சட்டம் தரும் கெடு 30 நாள்; அது ஏற்கெனவே தாண்டிவிட்டது.

அப்புறம், பலரும் மறப்பது இன்சூரன்ஸை. அதைப் பெயர் மாற்ற, வண்டி கைமாறிய 14 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். விட்டுவிட்டால், உங்கள் காருக்கு அடிபடும்போது காசு வராமல் போகலாம்.

டீலருக்குப் பாக்கி ஏதும் இருந்தால் ஆர்.சி. கைக்கு வரும்வரை கொடுக்காதீர்கள்.