40 ஹோஸ்ட்டுகளுக்கு ஒரே ஸ்கிரிப்ட்: கணினி கேள்வி பதில்

கேள்வி (அம்பத்தூர் வாசகர்): எங்கள் தரவு மையத்தில் 40 ஹைப்பர்-வி ஹோஸ்ட்டுகள் (விர்ச்சுவல் மெஷின்கள் எனப்படும் மென்பொருள் கணினிகளை இயக்கும் சர்வர்கள்) உள்ளன, எல்லாவற்றிலும் விண்டோஸ் சர்வர் 2019 இயங்குகிறது. ஐஸ்கஸி ஸ்டோரேஜுக்கு, அதாவது நெட்வொர்க் வழியாக இணையும் சேமிப்பகத்துக்கு, செல்லும் நெட்வொர்க் அடாப்டர்களில் ஜம்போ பாக்கெட் (வழக்கத்தைவிடப் பெரிய பாக்கெட்) அளவை 9014 என மாற்றுவதற்காக ஒரு பவர்ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினேன். பாதி ஹோஸ்ட்டுகளில் அது வேலை செய்தது. மீதியில் அப்படியொரு அமைப்பே இல்லை என்று பிழை காட்டியது. சர்வர்கள் இரண்டு நிறுவனங்களுடையவை என்பதைத் தவிர வேறு வித்தியாசம் எதுவும் இல்லை. எல்லாவற்றுக்கும் பொருந்தும்படி எழுதுவது எப்படி?

பதில்: நீங்கள் அமைப்பைத் தேடியது பெரும்பாலும் அதன் காட்சிப் பெயரைக் கொண்டுதான் இருக்கும். டிவைஸ் மேனேஜரில் நாம் காணும் அந்தப் பெயரை டிரைவர் எழுதியவர்களே வைக்கிறார்கள். ஒருவர் ‘ஜம்போ பாக்கெட்’ என்பார், இன்னொருவர் ‘ஜம்போ ஃபிரேம்’ என்பார். சென்னைத் தெருக்களில் ஒரே வீட்டுக்குப் பழைய கதவு எண்ணும் புதிய கதவு எண்ணும் இருப்பதைப் போன்ற நிலைமை இது. இதற்காகவே மைக்ரோசாஃப்ட் சில அமைப்புகளுக்கு, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில், பொதுவான குறிச்சொற்களை வகுத்து, அவற்றின் முன்னால் ஒரு நட்சத்திரக் குறியையும் சேர்த்துள்ளது. ‘ஜம்போபாக்கெட்’ என்ற குறிச்சொல் அவற்றில் ஒன்று. செட்-நெட்அடாப்டர்அட்வான்ஸ்டுபிராப்பர்ட்டி கட்டளையில் காட்சிப் பெயருக்குப் பதிலாக இந்தக் குறிச்சொல்லையும் அதற்கான ரெஜிஸ்ட்ரி மதிப்பையும் கொடுத்தால், இரு நிறுவனங்களின் கார்டுகளிலும் ஒரே வரி செல்லுபடியாகும்.

மதிப்பிலும் கவனம் தேவை. சில டிரைவர்கள் 1514, 4088, 9014 என்று குறிப்பிட்ட எண்களை மட்டுமே ஏற்கும். வேறு சில, ஓர் எல்லைக்குள் எந்த எண்ணைக் கொடுத்தாலும் ஏற்கும். ஆகவே எதையும் மாற்றுவதற்கு முன், வெறுமனே படித்துவரும் ஸ்கிரிப்ட் ஒன்றை எல்லா ஹோஸ்ட்டுகளிலும் ஓட்டி, ஒவ்வோர் அடாப்டரின் குறிச்சொல், தற்போதைய மதிப்பு, அனுமதிக்கப்பட்ட மதிப்புகள், டிரைவர் பதிப்பு ஆகியவற்றை ஒரு சிஎஸ்வி கோப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஏதாவது கெட்டுப்போனால் பழைய நிலைக்குத் திரும்ப உங்களிடம் இருக்கப்போகும் ஒரே ஆவணம் அதுதான்.

அடுத்தது, எந்த அடாப்டர் என்ற கேள்வி. ‘ஈதர்நெட் 3’ என்ற பெயர் ஒரு ஹோஸ்ட்டில் ஸ்டோரேஜையும் இன்னொன்றில் நிர்வாக நெட்வொர்க்கையும் குறிக்கலாம். அந்தப் பெயரை நம்பி எழுதிய ஸ்கிரிப்ட் தவறான கார்டை மாற்றிவிட்டு, பிழை எதுவும் காட்டாமல் முடிந்துவிடும் என்பதால் இது முந்தைய சிக்கலைவிட ஆபத்தானது. ஒவ்வொரு கார்டுக்கும் உரிய வன்பொருள் எண்ணான மேக் முகவரியைக் கொண்டு அடாப்டரை அடையாளம் கண்டு, அதற்கு ‘ஸ்டோரேஜ்-1’, ‘ஸ்டோரேஜ்-2’ என்று எல்லா ஹோஸ்ட்டுகளிலும் ஒரே மாதிரி பெயர் வைத்துவிடுங்கள். இதில் இரண்டு பொறிகள் உண்டு. ஹைப்பர்-வி சுவிட்ச் உருவாகும்போது ஹோஸ்ட்டுக்கு அமையும் மெய்நிகர் அடாப்டர் பெரும்பாலும் அசல் கார்டின் மேக் முகவரியையே எடுத்துக்கொள்வதால், தேடலுக்கு இரண்டு விடைகள் வரக்கூடும். கெட்-நெட்அடாப்டர் கட்டளையுடன் ‘பிசிகல்’ என்ற விருப்பத்தைச் சேர்த்தால் அசல் கார்டு மட்டும் கிடைக்கும். மற்றொன்று அற்பமானது, ஆனால் பலரை மாட்டிவைப்பது: விண்டோஸ் மேக் முகவரியைச் சிறு கோடிட்டுக் காட்டும், உங்கள் பட்டியலில் முக்காற்புள்ளி இருந்தால் ஒப்பீடு பொருந்தாது.

இனி ஓட்டும் முறை. இன்வோக்-கமாண்ட் கட்டளை தானாகவே ஒரே சமயத்தில் 32 கணினிகள் வரை வேலையை அனுப்பும். தகவலைப் படிப்பதற்கு அது மிக வசதியானது. மாற்றுவதற்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. அடாப்டர் அமைப்பை மாற்றும்போது அந்த அடாப்டர் ஒருமுறை நின்று இயங்குவதால், 32 ஹோஸ்ட்டுகளின் ஸ்டோரேஜ் பாதை ஒன்றாகத் துண்டிக்கப்பட்டால் அவற்றிலுள்ள விர்ச்சுவல் மெஷின்களின் கதி என்னவாகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. ஸ்கிரிப்ட்டில் ஒரு சுற்றுக்குள் (லூப்) ஹோஸ்ட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, சஸ்பெண்ட்-கிளஸ்டர்நோடு கட்டளையை ‘டிரெய்ன்’, ‘வெயிட்’ ஆகியவற்றுடன் கொடுத்து, விர்ச்சுவல் மெஷின்கள் வேறு ஹோஸ்ட்டுகளுக்கு நகர்ந்து முடியும்வரை காத்திருந்து, பிறகு மாற்றி, மாற்றிய மதிப்பைத் திரும்பப் படித்து, சோதித்து, எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் ரெஸ்யூம்-கிளஸ்டர்நோடு கொடுத்து அடுத்த ஹோஸ்ட்டுக்குச் செல்லுங்கள். இரவு முழுவதும் ஆனாலும் பரவாயில்லை.

முதல் தவறிலேயே ஸ்கிரிப்ட் நின்றுவிட வேண்டும் என்பதும் இதன் ஒரு பகுதி. பவர்ஷெல்லில் பல பிழைகள் சிவப்பு எழுத்தில் ஒரு வரியைக் காட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும் வகையைச் சேர்ந்தவை. பிழைகளைப் பிடிப்பதற்கென உள்ள ட்ரை-கேட்ச் அவற்றைப் பிடிக்காது. ‘எரர்ஆக்ஷன்’ மதிப்பை ‘ஸ்டாப்’ என்று வைத்தால்தான் பிடிக்கும்.

சோதனைக்கு பிங் கட்டளையே போதும்: பாக்கெட்டைத் துண்டாக்கக் கூடாது என்ற ‘எஃப்’ விருப்பத்துடன், அளவை 8972 என்று கொடுங்கள். 9014 என்பது 9000 பைட்டுடன் ஈதர்நெட் தலைப்பின் 14 பைட்டையும் சேர்த்த கணக்கு. 9000-இல் ஐபி தலைப்பு 20, பிங் பயன்படுத்தும் ஐசிஎம்பியின் தலைப்பு 8 போக மிஞ்சுவது 8972. இது போய்ச் சேராமல் சாதாரண பிங் மட்டும் போய்ச் சேர்ந்தால், இடையிலுள்ள சுவிட்ச் போர்ட்டிலோ ஸ்டோரேஜ் பெட்டியிலோ பெரிய பாக்கெட் அனுமதிக்கப்படவில்லை என்று பொருள். அவற்றை முதலில் சரிசெய்துவிட்டுத்தான் ஹோஸ்ட்டுகளைத் தொட வேண்டும்.

கேள்வி (தரமணி வாசகர்): அடாப்டர் அமைப்பை ரிமோட்டாக மாற்றும்போது இணைப்பு நடுவில் அறுந்துவிடுகிறது. மாற்றம் நடந்ததா இல்லையா என்று தெரியாமல் தவிக்கிறேன்.

பதில்: நீங்கள் எந்த அடாப்டர் வழியாக உள்ளே நுழைந்தீர்களோ அதையே மறுதொடக்கம் செய்கிறீர்கள். பவர்ஷெல் 3.0 முதல், அறுந்த இணைப்பை அது சில நிமிடங்கள் வரை தானே மீட்டெடுக்க முயலும் என்பதால் பதற்றப்பட்டு உடனே சாளரத்தை மூட வேண்டாம். இயன்றவரை நிர்வாக அடாப்டரை ‘நோரீஸ்டார்ட்’ விருப்பத்துடன் மாற்றிவிட்டு, ஹோஸ்ட்டைக் காலி செய்து ஒருமுறை ரீபூட் செய்யுங்கள். புதிய மதிப்பு அப்போது நடைமுறைக்கு வரும். சர்வரின் ஐலோ அல்லது ஐடிராக் (சர்வரைத் தனி வழியில் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் வசதி) வழியாக உள்ளே நுழையும் கடவுச்சொல் சரியாக இருக்கிறதா என்பதை வேலை தொடங்கும் முன் பார்த்துவிடுங்கள், பிறகு அல்ல.

கேள்வி (சிறுசேரி வாசகர்): எங்களிடம் இருப்பது ஹைப்பர்-வி அல்ல, அதே வேலையைச் செய்யும் விஎம்வேர் இஎஸ்எக்ஸ்ஐ. இந்த முறைகள் எங்களுக்கும் பொருந்துமா?

பதில்: வேலையின் வரிசை பொருந்தும், கட்டளைகள் வேறு. பவர்சிஎல்ஐ (விஎம்வேருக்கான பவர்ஷெல் கட்டளைகள்) கொண்டு ஹோஸ்ட்டை மெயின்டனன்ஸ் நிலைக்குக் கொண்டுபோய், முதலில் மெய்நிகர் சுவிட்சின் எம்டியு (பாக்கெட்டின் உச்ச அளவு), பிறகு ஹோஸ்ட் தனக்கெனப் பயன்படுத்தும் விஎம்கர்னல் அடாப்டரின் எம்டியு என்ற வரிசையில் மாற்றுங்கள். இரண்டில் ஒன்றை மறந்தாலும் பலன் இராது. இங்கே கொடுக்க வேண்டிய எண் 9000. ஈதர்நெட் தலைப்பு இந்தக் கணக்கில் சேராது. சோதனைக்கு விஎம்கேபிங், துண்டாக்கக் கூடாது என்ற விருப்பத்துடனும் அதே 8972 அளவுடனும். ஸ்டோரேஜுக்கான விஎம்கர்னல் அடாப்டரின் பெயரைக் கட்டளையில் குறிப்பிட மறக்க வேண்டாம். விட்டுவிட்டால் சோதனை வேறு பாதையில் போய்விடக்கூடும்.